அசென்ஷன் தீவு ரிலே நிலையம்: உப்புக்காற்றில் எப்படிச் சமாளிக்கிறார்கள்?

அலைவரிசை அன்பு:
வணக்கம். பி.பி.சி.யின் ஆப்பிரிக்க ஒலிபரப்பு சில ராத்திரிகளில் சிற்றலையில் நம்ம ஊரிலும் மெலிசாகக் கேட்கிறது. அதை வாங்கி மறுபடி அனுப்பும் (ரிலே) இடம் அசென்ஷன் தீவு என்று அட்டவணையில் இருக்கிறது. தென் அட்லாண்டிக்கில் 88 சதுர கி.மீ. எரிமலைப் பாறை! அங்கே ஏன் வைத்தார்கள்? கம்பியெல்லாம் துருப்பிடிக்காதா?

கரையோரக் காது:
ஏன் அங்கே என்பதற்கு மட்டும் சொல்கிறேன். ஆப்பிரிக்கக் கரை அங்கிருந்து சுமார் 1,600 கி.மீ. அலை மேலே போய், சிற்றலையைத் திருப்பி அனுப்பும் வான் அடுக்கான அயனமண்டலத்தில் ஒரே முறை பட்டுத் திரும்பினால் போதும். ஒவ்வொரு முறை எகிறும்போதும் வலு குறையும் அல்லவா? அந்த நிலையம் 1966-லிருந்து இயங்குகிறது.

பழைய டிரான்ஸ்மிட்டர்காரன்:
அன்பு, நான் அந்தத் தீவுக்குப் போனதில்லை. நம்ம கிழக்குக் கரையில் உயர்சக்தி டிரான்ஸ்மிட்டரில் வேலை பார்த்தவன். துருவைவிடப் பெரிய தொல்லை இன்சுலேட்டர்தான், அதாவது கம்பியைத் தாங்கும், மின்சாரம் கடத்தாத பீங்கான். பீங்கான்மேல் உப்பு வெள்ளையாகப் படியும். காய்ந்திருக்கும்வரை ஒன்றும் செய்யாது. விடியற்காலைப் பனியில் உப்பு நனைந்ததும் மின்சாரம் அதன்வழியே கசிந்து 'உஸ்ஸ்' என்று நீலமாக ஒரு பொறி ஓடும்; டிரான்ஸ்மிட்டர் ட்ரிப் ஆகி, தானாக நின்றுவிடும்.

நமக்கு ஐப்பசி மழை வந்து கழுவிவிடும். அங்கே நிலையம் இருக்கும் இங்கிலிஷ் பே பக்கம் மழையே அபூர்வம். மேகமெல்லாம் 859 மீட்டர் உயர கிரீன் மவுன்டனோடு சரி. ஆக, நல்ல தண்ணீர் விட்டு மனுஷன்தான் கழுவ வேண்டும். அந்தத் தண்ணீரும் கடல்நீரிலிருந்து எடுத்தது! பல வருஷங்கள் அந்த நிலையத்தின் மின்நிலையம்தான் தீவுக்கே கரண்டும் குடிநீரும் கொடுத்தது. எஞ்சின் நின்றால் ஒலிபரப்போடு ஊர்க் குழாயும் நிற்கும். 250 கிலோவாட் டிரான்ஸ்மிட்டர்களுக்கான டீசல் கப்பலில் வர வேண்டும். பிறகுதான் காற்றாலை வைத்தார்கள்.

2017-ல் தீவின் விமான ஓடுபாதை பழுதாகிப் பெரிய விமானங்கள் நின்றபோது, கனமான உதிரிபாகம் எது வேண்டுமென்றாலும் கப்பலுக்குத்தான் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த மாதிரி இடத்தில் ஸ்டோர்ஸ் பார்ப்பவர் என்ஜினியருக்குச் சமம் என்பேன்.

அலைவரிசை அன்பு:
ஐயா, வேலை செய்பவர்கள் யார்? ஒலிபரப்பு ஓடும்போதே கழுவுவார்களா?

பழைய டிரான்ஸ்மிட்டர்காரன்:
பெரும்பாலும் சுமார் 1,300 கி.மீ. தள்ளியுள்ள செயின்ட் ஹெலினா தீவு மக்கள். அசென்ஷனில் நிரந்தரமாகக் குடியிருக்க யாருக்கும் உரிமை கிடையாது; வேலை முடிந்தால் குடும்பத்தோடு கிளம்ப வேண்டும். ஊழியர்களுக்காகக் கட்டிய ஊர் டூ போட்ஸ், பள்ளிக்கூடமும் அங்கேதான். அறிவிப்பாளர் பெயரை உலகமே சொல்லும். இவர்கள் பெயரை யாரும் சொல்வதில்லை என்பது எனக்கு மனவருத்தம்.

ஓடும்போது கழுவுவதா? கூடவே கூடாது! எங்கள் நிலையத்தில் நிகழ்ச்சி இடைவெளியில்தான். ஆஃப் செய்து, எர்த் கம்பியை மாட்டி, ஸ்விட்சைப் பூட்டி, சாவியை மேலே ஏறுபவர் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்ட பிறகுதான் ஏணியில் கால் வைப்போம்.