காலி மூக்கு லாரி துள்ளுகிறது: பின்பட்டை எத்தனை எடுக்கலாம்?

பாலக்கோடு மூக்குவண்டி:
அப்பா ஓட்டிய 1983 மாடல் டாடா 1210, மூக்கு லாரி. விற்க மனசில்லாமல் வைத்திருக்கிறேன். மாங்காய் சீசனில் கிருஷ்ணகிரி மண்டிக்கு இரண்டு டன் போகும், மற்ற நாளெல்லாம் காலி. தர்மபுரி போய்ச் சேர்வதற்குள் ஒவ்வொரு வேகத்தடையிலும் பின்பக்கம் ஆட்டுக்கிடா மாதிரி துள்ளுகிறது. போன வாரம் அம்மா மடியில் வைத்திருந்த தூக்குவாளி மோர் பாதி அவர் புடவையில். "உங்கப்பா ஓட்டுறப்ப இப்படி இல்லையேடா" என்கிறார். அப்பா ஓட்டியபோது எப்போதும் பாரம் இருந்ததே!

பின் ஆக்சிலில் வண்டியைத் தாங்கும் ஸ்பிரிங் பட்டை பக்கத்துக்கு 11, அதற்கு மேல் பாரம் ஏறினால் மட்டும் தாங்கும் ஹெல்பர் பட்டை 7. பட்டறையில் ஒருவர் நாலு பட்டையை உருவினால் கார் மாதிரி போகும் என்கிறார். உருவலாமா?

தொப்பூரான்:
உருவாதீர்கள். நான் மூன்று எடுத்தேன். காலியில் சுகமாகத்தான் இருந்தது. செங்கல் ஏற்றிக்கொண்டு தொப்பூர் கணவாயில் சேலம் பக்கம் இறங்கி பிரேக் வைத்தேன், பின் ஆக்சிலே முறுக்கிக்கொண்டு தடதடவென்று ஆடியது. மறுநாளே மூன்றையும் திரும்பப் போட்டுவிட்டேன்.

பழைய பட்டைக்காரன்:
தம்பி, பட்டை கட்டியே தலை நரைத்தவன் சொல்கிறேன். வண்டியைச் சமதரையில் காலியாக நிறுத்தி, ஹெல்பர் முனையைப் பாருங்கள். முனைக்கும், சேஸில் (அடிச்சட்டத்தில்) அது வந்து முட்டும் இடத்துக்கும் நடுவே இடைவெளி வேண்டும். முனை தேய்ந்து வெள்ளிக்காசு போலப் பளபளத்தால், காலியிலேயே ஹெல்பர் முட்டுகிறது என்று அர்த்தம். அந்த நிலையில் மெயின் அடுக்கின் 11 பட்டையில் சிலதை உருவினால் பாடி இன்னும் இறங்கும், ஹெல்பர் இன்னும் இறுக முட்டும். மெத்தென்று ஆக்கப்போய் கட்டையாகிவிடும்!

அப்புறம் துரு. பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கினால்தான் வளையும். துரு பிடித்துக்கொண்டால் 11 பட்டையும் ஒரே இரும்புத்துண்டு. பிரித்து, பிரஷ் போட்டு, கிராஃபைட் கிரீஸ் தடவுங்கள். பட்டைகளை நடுவில் கோத்து நிற்கும் சென்டர் போல்ட்டைக் கழற்றும் முன் கட்டாயம் வைஸில் இறுக்குங்கள், எகிறினால் நேராக முகத்துக்குத்தான் வரும். பட்டை முனையைச் சேஸோடு இணைக்கும் ஷேக்கிள், கையால் தள்ளினால் ஆடுகிறதா என்றும் பார்க்கவும்.

இத்தனைக்குப் பிறகும் விறைப்பாக இருந்தால் நடுவிலிருந்து ஒன்று மட்டும், இரண்டு பக்கமும் அதே வரிசைப் பட்டை. 11-இல் மேலே இருக்கும் முதல் பட்டையையும், அதன் முனை வளையமான கண்ணைச் சுற்றி நிற்கும் இரண்டாவது பட்டையையும் தொடவே கூடாது. ஒரே கனமுள்ள 11 பட்டையில் ஒன்று போனால் விறைப்பு ஏறக்குறைய 9 சதவீதம் குறையும். கனத்தைக் கவனியுங்கள்: 12 மி.மீ. பட்டை ஒன்றின் விறைப்பு, 10 மி.மீ. பட்டையைப் போல 1.7 மடங்கு.

பாலக்கோடு மூக்குவண்டி:
அண்ணா, முனை பளபளவென்றுதான் இருந்தது! ஹெல்பரில் இரண்டு பட்டை புதுசு மாதிரி தெரிந்தது. அப்பா கிரானைட் அடித்த காலத்தில் கூடுதலாகப் போட்டவையாம், அம்மாவுக்கே நினைவிருக்கிறது. அந்த இரண்டை மட்டும் எடுத்தேன், இப்போது இரண்டு விரல் நுழைகிறது. மெயினைப் பிரித்தபோது காப்பித்தூள் மாதிரி துரு ஒரு முறம் கொட்டியது. 11 பட்டையும் அப்படியே திரும்ப ஏறிவிட்டன. நேற்று அம்மா மறுபடி மோரோடு வந்தார். மூடியில் நாலு சொட்டு, அவ்வளவுதான்.

பழைய பட்டைக்காரன்:
சரி. 300 கிலோமீட்டர் ஓடியதும், பட்டையை ஆக்சிலோடு கட்டும் யூ போல்ட்டை மறுபடி டைட் வைத்தீர்களா?

பாலக்கோடு மூக்குவண்டி:
இல்லையே அண்ணா. ஸ்பானரை எடுத்துக்கொண்டு போகிறேன்.