மருந்து பூசின மக்காச்சோள விதைக்கு அசோஸ்பைரில்லம் எப்படிக் கொடுக்கறது?

வணக்கம். பெரம்பலூர் பக்கம், கரிசல் காடு, மானாவாரி. புரட்டாசி மழைக்கு ரெண்டு ஏக்கர் மக்காச்சோளம் போடறேன். யூரியாவையும் டிஏபியையும் குறைச்சு உயிர் உரம் கொடுக்கலாம்னு இருக்கேன்.

அசோஸ்பைரில்லம் (காத்துல இருக்கற தழைச்சத்தைப் பயிருக்குப் பிடிச்சுக் கொடுக்கற நுண்ணுயிர்), பாஸ்போபாக்டீரியா (மண்ணுல இருக்கற மணிச்சத்தைக் கரைச்சுக் கொடுக்கற நுண்ணுயிர்) ரெண்டையும் ஆறின கஞ்சியில கலந்து விதையில பூசி, நிழல்ல உலர்த்தணும்னு சொல்றாங்க. நாம எடுத்து வச்ச விதைன்னா சரி. கடையில வர்ற வீரிய ஒட்டு விதை பூஞ்சாணத்துக்கும் படைப்புழுவுக்கும் மருந்து பூசி, சாயத்தோடல்ல வருது? அதுமேல பூசினா நுண்ணுயிர் பிழைக்குமா?

விதையை விட்டுட்டு நிலத்துல இடறதுதான் மேல்னு எனக்குப் படுது: ஹெக்டேருக்கு 2 கிலோ அசோஸ்பைரில்லம், 25 கிலோ மட்கின தொழு உரம், 25 கிலோ மண். ஆனா மழை தள்ளிப்போனா காஞ்ச மண்ணுல அது தாங்குமா? முதல் மழைக்கு அப்புறம் ஈரத்துல தூவலாமா?

மானாவாரியில செஞ்சு பார்த்தவங்க சொல்லுங்க. யூரியாவை எவ்வளவு குறைச்சீங்க, கதிர்ல மணி நுனிவரைக்கும் பிடிச்சுதா? பொட்டலமா, திரவமா, எது தேவலை? கடையில பொட்டலத்தை வெயில்லயே அடுக்கி வச்சிருக்காங்க, அதனால கேக்கறேன். இறவைக்காரங்க அனுபவத்தையும் சொல்லுங்க, ஆனா இறவைன்னு குறிப்பிட்டுடுங்க.