பாட்டுத் தொகுப்பு: ஃபோல்டரை நம்புவதா, டேகை நம்புவதா?

ஃபோல்டர்பிரியன்:
மியூசிக்பீ பிளேயரில் ஃபைல்களைத் தானாக இடம் மாற்றி, பெயர் மாற்றும் வசதியை அணைத்தே வையுங்கள். படவாரியாக ஃபோல்டர் ஒழுங்காக இருந்தால் எந்த பிளேயரிலும் பாடும். இடம் மாறிய ஃபைலைப் பல பேக்கப் மென்பொருள்கள் புதியது என்றே எடுத்துக்கொண்டு மறுபடி நகலெடுக்கும்.

சுருதிப்பெட்டி:
பேக்கப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் ஃபோல்டரில் ஒரு பாட்டுக்கு ஒரே இடம்தான். படம், பாடகர், இசையமைப்பாளர், பாடலாசிரியர் என்று எதை வைத்துத் தேடினாலும் கிடைக்க, ஃபைலுக்குள்ளேயே எழுதிவைக்கும் விவரக்குறிப்பான டேக்தான் வழி. ‘ஆர்ட்டிஸ்ட்’ புலத்தில் பாடகர். ‘ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்’, ‘கம்போசர்’ இரண்டிலும் இசையமைப்பாளர். ஆல்பம் ஆர்ட்டிஸ்ட் காலியாக இருந்தால் பல பிளேயர்களில் ஒரே படம் பாடகருக்கு ஒரு ஆல்பமாகச் சிதறும். கர்நாடக சங்கீதத்துக்கு ராகம், தாளம் எனத் தனிப் புலம் சேர்க்கலாம்: ஃபூபார்2000 பிளேயரில் ப்ராப்பர்ட்டீஸ் சாளரத்திலேயே, மியூசிக்பீயில் பிரிஃபரன்சஸ் போய் டேக்ஸ் பகுதியில். புலத்தின் பெயரை மட்டும் ஆங்கில எழுத்தில் வையுங்கள். ஃப்ளாக் (தரம் குறையாத ஒலி வடிவம்) டேகில் புலப்பெயருக்குத் தமிழ் எழுத்து செல்லாது. உள்ளே எழுதுவது தமிழிலேயே இருக்கலாம்.

ஃபோல்டர்பிரியன்:
கார் ஸ்டீரியோவில் அந்தத் தமிழ் கட்டம் கட்டமாக வருகிறது, அல்லது குப்பையாக வருகிறது. அப்புறம் என்ன பயன்?

சுருதிப்பெட்டி:
இரண்டுக்கும் காரணம் வேறு. கட்டம் வந்தால் கருவியில் தமிழ் எழுத்துரு இல்லை. ஃபைல் பெயரைத் தமிழில் வைத்தாலும் அதே கதிதான். குப்பை வந்தால் பெரும்பாலும் டேக் வடிவம் பொருந்தவில்லை. டேக் எழுதும் எம்பி3டேக் மென்பொருளின் செட்டிங்கில் ஐடி3வி2.3 (எம்பி3 டேக் வடிவத்தின் ஒரு பதிப்பு), யுடிஎஃப்-16 (எழுத்துகளைச் சேமிக்கும் முறை) என்று தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள். 2.4ஐப் பழைய கருவிகள் பல படிப்பதில்லை. ஐடி3வி1 வேண்டவே வேண்டாம்: தலைப்புக்கு 30 பைட்தான்.

லினக்ஸ்வாசி:
ஃபைல் பெயரில் எல்லாவற்றையும் திணிப்பவர்கள் கவனிக்க. லினக்ஸின் எக்ஸ்ட்4 ஃபைல் அமைப்பில் பெயருக்கு உச்சம் 255 பைட். தமிழ் யூனிகோடு குறியீடு ஒவ்வொன்றும் யுடிஎஃப்-8இல் 3 பைட் என்பதால் 85 குறியீட்டோடு முடிந்தது. புள்ளியும் கொம்பும்கூடத் தனிக் கணக்கு. விண்டோஸில் ஏற்றுக்கொண்ட நீளப் பெயர் இங்கே நகலெடுக்கும்போது பிழை காட்டும்.

டேகிலும் ஒரு சிக்கல் உண்டு. ‘கோ’வில் உள்ள ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது, பிளேயர் பட்டியலில் ஒரே பாடகர் இருமுறை நிற்பார். இரண்டு தொகுதியையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து, பெயரை ஒரே தடவையில் புதிதாகத் தட்டச்சு செய்து சேமித்தால் ஒன்றாகிவிடும்.

ஃபோல்டர்பிரியன்:
டேக் எழுதுவதே ஆபத்து என்பதை யாரும் சொல்லவில்லை. ஐடி3வி2 ஃபைலின் தொடக்கத்தில் இருக்கிறது. ஒதுக்கிய வெற்றிடம் போதாவிட்டால் முழு ஃபைலையும் திருப்பி எழுத வேண்டும். ஆயிரம் பாட்டுக்கு ஒரே மூச்சில் ஆல்பம் அட்டைப்படம் பதிக்கும்போது கரண்ட் போனால் எந்த ஃபைல் கெட்டது என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

சுருதிப்பெட்டி:
நியாயமான பயம். ஃப்ளாக்கில் ஒலிக்கான எம்டி5 கையொப்பம் (ஒலியிலிருந்து கணக்கிட்ட சரிபார்ப்பு எண்) ஃபைலுக்குள்ளேயே இருக்கும், டேக் மாற்றினாலும் அது மாறாது; சோதித்தால் கெட்டது தெரிந்துவிடும். எம்பி3யில் அந்த வசதி இல்லை. அதனால் நகலில் டேக் எழுதி, சரிபார்த்த பிறகே மூலத்தை மாற்றுங்கள். அட்டைப்படத்தைப் பாட்டுக்குள் பதிக்காமல் ஃபோல்டரில் தனி ஃபைலாக வைத்தாலும் பாதிச் சுமை குறையும்.

ஃபோல்டர்பிரியன்:
அதற்கும் ஃபோல்டர்தானே வேண்டியிருக்கிறது! டேக் எழுதுங்கள், மறுக்கவில்லை. தானாக இடம் மாற்றுவதற்கு மட்டும் இப்போதும் சம்மதமில்லை.