ஆட்டக்காரன் சம்பளத்துக்கு மட்டும் ஏன் பூட்டு?

பெரியமேடு பாஷா:
நேரு ஸ்டேடியம் பக்கத்து டீக்கடையில் ஆரம்பித்த சண்டை, பாதியில் கடையைச் சாத்திவிட்டார்கள். மீதியை இங்கே போடுகிறேன். ஐஎஸ்எல் கால்பந்து லீக்கில் ஒரு அணி தன் ஆட்டக்காரர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரு சீசனுக்கு இவ்வளவுதான் சம்பளம் தரலாம் என்று வரம்பு உண்டு. பல வருடம் அது 16.5 கோடி ரூபாய். என் கட்சி இதுதான்: கோயம்பேட்டில் மண்டிக்காரர்கள் கூடிப் பேசி “மூட்டைக்கு இதற்கு மேல் கூலி கிடையாது” என்று முடிவெடுத்தால் நாம் என்ன சொல்வோம்? அதையே ஷூ போட்ட தொழிலாளிக்குச் செய்தால் மட்டும் நிர்வாகத் திறமையா?

ஆடிட்டர் அம்பி:
பாய், உதாரணம் அழகு, கணக்கு தப்பு. மண்டியில் லாபம் வருகிறது. இங்கே டிக்கெட், ஸ்பான்சர் எல்லாம் கூட்டினாலும் செலவுக்குப் பத்தாமல் முதலாளி கைக்காசைப் போடுகிறார். வரம்பை எடுத்தால் பெரிய பை வைத்திருக்கும் இரண்டு மூன்று அணிகள் எல்லோரையும் வாரிக்கொண்டு போகும். 2017-18ல் நம் சென்னையின் எஃப்சி கோப்பை தூக்கியபோதும் வரம்பு இருந்தது. வரம்பில்லாத ஜெர்மனியில் 2013 முதல் 2023 வரை தொடர்ந்து 11 தடவை பயர்ன் மியூனிக்தான் சாம்பியன். அதுவா வேண்டும்?

வடக்கு கேலரி:
நம்ம டீம் ஜெயித்தால் 11 தடவையும் பார்ப்பேன்.

பெரியமேடு பாஷா:
அம்பி சார், ஹைதராபாத் எஃப்சியை மறந்துவிட்டீர்களா? 2021-22ல் சாம்பியன். அடுத்த இரண்டு வருடத்தில் சம்பள பாக்கி, புது ஆட்டக்காரர்களைச் சேர்க்க ஃபிஃபாவின் தடை, ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக வெளியேறியது. அந்த அணியும் வரம்புக்குள் இருந்த அணிதானே? 2025 ஆகஸ்டில் பெங்களூரு எஃப்சி சம்பளத்தையே நிறுத்தி வைத்தது. ஆட்டக்காரன் அதிகம் கேட்டதாலா? இல்லை. இந்தியக் கால்பந்து ஃபெடரேஷனுக்கும் லீக்கை நடத்திய கம்பெனிக்கும் இருந்த 15 வருட ஒப்பந்தம் அந்த டிசம்பரில் முடிய இருந்தது, அடுத்து என்ன என்று முடிவாகவில்லை. மேலே இரண்டு பேர் பேசி முடிக்காததற்குக் கீழே இருப்பவனின் வீட்டு வாடகை நின்றது.

அண்ணாநகர் அமெரிக்கா:
இருவருமே ஒன்றை விட்டுவிட்டீர்கள். அமெரிக்கன் ஃபுட்பால் லீக்கான என்எஃப்எல்லில் வரம்பு வந்தது 1994ல். அதற்கு முன் 1987ல் ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்ய, முதலாளிகள் மாற்று ஆட்களை இறக்கி மூன்று வாரம் மேட்ச் நடத்தினார்கள். 2011ல் முதலாளிகளே நாலு மாதத்துக்கு மேல் கதவடைத்தார்கள். இத்தனை அடிதடிக்குப் பிறகும் அங்கே சங்கம் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டால்தான் வரம்பு. வருமானத்தில் ஏறத்தாழ 48 சதவீதம் ஆட்டக்காரர் பங்கு. டிவி பணம் ஏறினால் வரம்பும் ஏறும். வரம்பு தப்பில்லை, யாரைக் கேட்டு வைத்தீர்கள் என்பதுதான் கேள்வி.

வடக்கு கேலரி:
அது கையால் ஆடுகிற ஃபுட்பால் அண்ணே.

அண்ணாநகர் அமெரிக்கா:
சம்பளம் அங்கேயும் கையில்தான் வாங்குகிறார்கள் தம்பி.

ஆடிட்டர் அம்பி:
48 சதவீதம் கேட்கலாம், எதில்? நஷ்டத்திலா? ஐரோப்பாவைப் பாருங்கள். ஐரோப்பியக் கால்பந்து சங்கமான யுஇஎஃப்ஏ நடத்தும் போட்டிகளில் ஆடும் கிளப், அணிச் செலவை வருமானத்தில் 70 சதவீதத்துக்குள் வைக்க வேண்டும், 2025-26 முதல். பணக்கார லீக்குக்கே கடிவாளம் தேவைப்படுகிறது.

ஐசிஎஃப் பெரியவர்:
நான் ஆபீஸ் டீமில் ஆடியவன். எங்கள் காலத்தில் சம்பளப் பேச்சே கிடையாது, வேலைப் பேச்சுதான். பந்து நன்றாக ஆடினால் ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலை, இந்தியன் வங்கி, கஸ்டம்ஸ் என்று எங்காவது உள்ளே போய்விடலாம். காலையில் கையெழுத்து, மத்தியானம் பிராக்டிஸ். முட்டி போனாலும் ரிடையர் ஆகும்வரை ஒன்றாம் தேதி சம்பளம் வரும், அப்புறம் பென்ஷன். கோடி எல்லாம் கனவில்கூட இல்லை, ஆனால் ராத்திரி தூக்கம் வரும். இப்போதைய பையன்களிடம் ஒப்பந்தக் காகிதம் இருக்கிறது, அந்தத் தூக்கம் இருக்கிறதா?

இன்னொன்று. இங்கிலாந்தில் 1961 வரை வாரத்துக்கு 20 பவுண்டுதான் உச்சச் சம்பளம். ஜிம்மி ஹில் தலைமையில் ஆட்டக்காரர் சங்கம் “ஆட மாட்டோம்” என்று நின்ற பிறகுதான் அதை எடுத்தார்கள். கொஞ்ச நாளில் ஃபுல்ஹாம் கிளப் தன் ஆட்டக்காரர் ஜானி ஹெய்ன்ஸுக்கு வாரம் 100 பவுண்டு கொடுத்தது. அதுவரை “கிளப் தாங்காது” என்று பாடியதும் அதே முதலாளிகள்தான், அம்பி.

வியாசர்பாடி விங்கர்:
எல்லோரும் மேல் வரம்பையே பேசுகிறீர்கள். நான் ஒரு கிளப்பில் இரண்டு சீசன் ஆடினேன், பெயர் வேண்டாம். வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்கும் பெயர் பெற்ற நாலைந்து பேருக்கும் கொடுத்தது போக மிச்சம்தான் எங்களுக்கு. வரம்பை ஏற்றினாலும் அவர்களுக்குத்தான் ஏறும். அந்த மிச்சமும் மூன்று மாதம் வரவில்லை.

பெரியமேடு பாஷா:
தம்பி, இரண்டு மாதச் சம்பளம் பாக்கி என்றால் 15 நாள் நோட்டீஸ் கொடுத்து ஒப்பந்தத்தை முறிக்கலாம் என்று ஃபிஃபா விதியே இருக்கிறதே?

வியாசர்பாடி விங்கர்:
இருக்கிறது அண்ணே, ஏஜென்ட்டும் சொன்னார். சொல்லிவிட்டு அவரே “அனுப்பாதே” என்றார். சீசன் நடுவில் வெளியே வந்தால் எந்த அணி எடுக்கும்? நோட்டீஸ் விட்ட பையன் என்று பெயர் வந்தால் அடுத்த வருடம் டிரையலுக்குக்கூடக் கூப்பிட மாட்டார்கள். அம்மா கேட்டபோது “கிளப்பில் சேர்த்து வைத்திருக்கிறார்கள், மொத்தமாகத் தருவார்கள்” என்றேன்.

அண்ணாநகர் அமெரிக்கா:
என்எஃப்எல் ஒப்பந்தத்தில் முதல் வருடப் பையனுக்கே குறைந்தபட்சச் சம்பளம் எழுதியிருக்கிறது. சங்கம் இருந்ததால் வந்தது.

ஆடிட்டர் அம்பி:
சரி, குறைந்தபட்சச் சம்பளத்தை நானும் ஏற்கிறேன். வரம்பு வேண்டும் என்பதில் மாற்றமில்லை. ஆனால் தம்பி, கிளப்புக்கு லைசென்ஸ் தரும்போது சம்பள பாக்கி இல்லை என்று காட்ட வேண்டுமே. உங்கள் கிளப் எப்படிக் காட்டியது?

வியாசர்பாடி விங்கர்:
கெடு தேதிக்கு ஒரு வாரம் முன் எங்களை ஆபீஸுக்குக் கூப்பிட்டார்கள். “பாக்கியைப் பிறகு வாங்கிக்கொள்ளச் சம்மதிக்கிறேன்” என்று ஒரு தாள். எழுத்தில் சம்மதம் இருந்தால் அது பாக்கிக் கணக்கில் வராதாம். வரிசையில் நின்று எல்லோரும் கையெழுத்துப் போட்டோம் சார். நான் ஏழாவது.