மெல்லிசைக் கச்சேரிக்குப் பேஸ் கிட்டார்: 4 கம்பியா 5 கம்பியா, ஆம்ப் வேணுமா, டி.ஐ. பாக்ஸ் போதுமா?

ஒண்ணரைக்கட்டை:

மெல்லிசைக் குழுவுக்கு ஒரு பேஸ் செட்டப் வாங்கணும். கல்யாண ரிசப்ஷன், கோயில் திருவிழா, இடையில சர்ச் ஆராதனை. எண்பதுகளோட பாட்டுதான் அதிகம், அதனால பேஸ் ரூட் நோட்டைப் பிடிச்சிட்டு சும்மா நிக்காது, மேல ஏறிப் பாடவும் செய்யும். பட்ஜெட் எல்லாம் சேர்த்து 60,000 ரூபாய்.

இப்ப இருக்கிறது குழுவோட பழைய 4 கம்பி பாசிவ் பேஸ் (உள்ள பேட்டரி, பிரீஆம்ப் இல்லாதது). 6 மீட்டர் கேபிள்ல நேரா மிக்சரோட லைன் இன்புட்டுக்குப் போகுது. மூணு தொல்லை. மண்டபத்துல சத்தம் கொழகொழன்னு இருக்கு, என்ன நோட்டுன்னே பிடிபடல. சீரியல் லைட் போட்டதும் ‘ஊம்’னு இரைச்சல் வருது. பிராக்டிஸ் பண்ற பத்துக்குப் பத்து ரூம்ல, சின்ன கீபோர்டு ஆம்ப்லதான் வாசிக்கிறோம், ஏ நோட்டு மட்டும் ஜன்னலை ஆட்டுது, மத்ததெல்லாம் அமுங்கிப் போகுது.

பாடகிக்கு ஒரு கட்டை, பாடகருக்கு 1½, 2 கட்டைன்னு சுருதியை மாத்திட்டே இருப்பாங்க. அதுக்காகவே 5 கம்பி வாங்கணும்னு ஒருத்தர் சொல்றார். ஆம்ப், பெடல் எல்லாம் எந்த வரிசையில வாங்கலாம்?

நாலுகம்பி:

கட்டைக் கணக்கை முதல்ல பார்த்துடலாம். 2 கட்டைன்னா டி. 4 கம்பியில கடைசி நோட்டு திறந்த ஈ, 41 ஹெர்ட்ஸ். அதுக்குக் கீழ டி இல்ல. ஏ கம்பி 5-வது ஃப்ரெட்ல இருக்கிற 73 ஹெர்ட்ஸ் டி-தான் உங்களுக்கு ஆதாரம். 5 கம்பியில கீழ கூடுதலா வர்ற பி கம்பியோட 3-வது ஃப்ரெட்ல 36.7 ஹெர்ட்ஸ் டி கிடைக்கும். ஆனா மண்டபத்துல அடுக்குற பேஸ் பாக்ஸ் பலதும் 40-க்குக் கீழ ஒழுங்கா தராது. ஸ்பீக்கரைக் காப்பாத்த சவுண்டு சர்வீஸ்காரரும் அங்கேயே வெட்டி வச்சிருப்பார். ஜனங்க காதுல விழப்போறது 73-ம் அதுக்கு மேல இருக்கிறதும்தான். கீழ டி கட்டாயம்னா ஈ கம்பியை டி-க்கு இறக்கிக்கலாம். என் ஓட்டு 4 கம்பிக்கு.

எது வாங்கலாம்னா, பாசிவ் பி-ஜே வகை. அதாவது நடுவுல பிரிசிஷன் பிக்கப், பிரிட்ஜ் பக்கம் ஜாஸ் பிக்கப் (பிக்கப்னா கம்பியோட அதிர்வை சிக்னலா மாத்துற காந்தச் சுருள்). யமஹா டிஆர்பிஎக்ஸ் 174 இந்த வகைதான், ஸ்குவையர்லயும் கிடைக்கும். பிரிசிஷன்ல 1957-லிருந்து வர்ற ரெண்டு துண்டு பிக்கப், இரைச்சலைத் தானே அடிச்சிடும். ஜாஸ் பேஸ்ல ரெண்டு பிக்கப்பும் ஒத்தைச் சுருள். ரெண்டு வால்யூமும் முழுசா இருந்தா இரைச்சல் கேன்சல் ஆகும், ஒண்ணைக் குறைச்சதும் திரும்ப வந்துடும். சீரியல் லைட்டுக்கு நடுவுல வாசிக்கிறவங்களுக்கு இது சின்ன விஷயம் இல்ல. பி-ஜேயிலயும் ஜாஸ் பிக்கப்பைத் திறந்தா கொஞ்சம் இரைச்சல் உண்டு, அப்ப பிரிசிஷன் பிக்கப்பை மட்டும் வச்சு வாசிங்க. கை சின்னதா இருந்தா மட்டும் ஜாஸ் நெக் பாருங்க, நட்டு கிட்ட அகலம் 38 மில்லிமீட்டர்தான்.

ஆக்டிவ் (உள்ள பேட்டரில ஓடுற பிரீஆம்ப் இருக்கிறது) வேண்டாம்னு சொல்ல மாட்டேன். ஆனா 9 வோல்ட் பேட்டரி இறங்கினா முதல்ல சத்தம் கிழியும், அப்புறம் ஒரேயடியா நின்னுடும். ஜாக்கைக் குத்தினாலே பிரீஆம்ப் ஆன் ஆயிடும், பையில வைக்கும்போது கேபிளை எடுக்காம விட்டா பேட்டரி காலி. பாசிவுக்கு மாத்துற சுவிட்ச் இருக்கிற மாடலா பாருங்க.

புதுசு வாங்கினாலும் கடையில இருந்து வந்தபடியே மேடைக்குக் கொண்டுபோகாதீங்க, செட்டப் பண்ணணும். சரியான சுருதியில டியூன் பண்ணிட்டு 1-வது ஃப்ரெட்ல கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கிற கிளிப்) போடுங்க. நெக் உடம்போட சேர்ற ஃப்ரெட்ல ஈ கம்பியை அழுத்துங்க. 7, 8-வது ஃப்ரெட் கிட்ட கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடைவெளி 0.3 மில்லிமீட்டர் இருக்கணும். டூவீலர் மெக்கானிக் டேப்பட் பார்க்கிற ஃபில்லர் கேஜ் போதும், தனியா கருவி வேண்டாம். இடைவெளி அதிகம்னா டிரஸ் ராடை (நெக்குக்குள்ள இருக்கிற இரும்புக் கம்பி) வலப்பக்கம் கால் சுத்து, அதுக்கு மேல ஒரே தடவையில திருப்பாதீங்க. மறுபடி டியூன் பண்ணி, மறுபடி அளங்க. அது முடிஞ்சாதான் பிரிட்ஜ்: 17-வது ஃப்ரெட்ல ஈ 2.4, ஜி 2 மில்லிமீட்டர். அப்புறம் இன்டொனேஷன், அதாவது மேல் ஃப்ரெட்லயும் சுருதி சரியா வர்ற மாதிரி கம்பி நீளத்தைச் சரி பண்றது. பிக்கப் உயரம் கடைசி. கம்பிக்கு ரொம்பக் கிட்ட ஏத்தினா காந்தம் கம்பியை இழுக்கும், மேல் ஃப்ரெட்ல சுருதி தள்ளாடும். வரிசை மாறினா எல்லாத்தையும் ரெண்டு தடவை செய்யணும்.

கம்பி கனம் 45–105 (ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலக் கணக்கு). பழைய பாட்டுதான்னா ஃப்ளாட்வவுண்ட் (மேல் சுத்து தட்டையா இருக்கிற கம்பி) போடுங்க. விரல் உரசுற சத்தம் போயிடும், வியர்வையிலயும் சீக்கிரம் கெடாது. விலைதான் கடிக்கும்.

மிக்சர்_மூலை:

கொழகொழப்புக்குக் காரணம் கிட்டார் இல்லை, அதைக் குத்தும் இடம். பாசிவ் பேஸ் 5 லட்சம் ஓம் முதல் 10 லட்சம் ஓம் வரை உள்ள இன்புட்டை எதிர்பார்க்கிறது. மிக்சரின் லைன் இன்புட் 10,000 முதல் 20,000 ஓம்தான். பிக்கப்புக்கு அது பெரிய சுமை. மேல் அதிர்வெண்கள் அங்கேயே செத்துவிடும், லெவலும் விழும். மிக்சரில் இருப்பவர் கெய்னைக் கூட்டுவார், பேஸ் குமிழையும் திருப்புவார். மிஞ்சுவது கொழகொழப்பு. நீங்கள் 2 லட்சம் ரூபாய் பேஸை அதே ஓட்டையில் குத்தினாலும் இப்படித்தான் கேட்கும்.

எனவே முதலில் வாங்க வேண்டியது ஆக்டிவ் டி.ஐ. பாக்ஸ், அதாவது கிட்டார் சிக்னலை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றித் தரும், மின்சாரத்தில் ஓடும் சின்னப் பெட்டி. மண்டபத்தில் கேட்பது டி.ஐ. வழியாகப் போவதுதான், உங்கள் ஆம்ப் உங்கள் காலடிக்கு மட்டும். பாசிவ் பேஸுக்கு ஆக்டிவ் டி.ஐ.தான் பொருத்தம். ஆக்டிவ் பேஸ் என்றால் டிரான்ஸ்ஃபார்மர் வைத்த பாசிவ் டி.ஐ. போதும். ரேடியல் ஜே48 போன்றவை ஃபாண்டம் 48 வோல்ட் (மிக்சரே மைக் கேபிள் வழியாக அனுப்பும் மின்சாரம்) இல்லாமல் உயிர் பெறாது, பேட்டரி வழி கிடையாது. நீங்கள் போகும் இடங்களில் சின்ன மிக்சரும் வரும் என்றால் பேட்டரியிலும் ஓடுவதாக வாங்குங்கள். டெக் 21 நிறுவனத்தின் சான்ஸ்ஆம்ப் பேஸ் டிரைவர் பேட்டரி, ஃபாண்டம் இரண்டிலும் ஓடும், டோன் மாற்றவும் உதவும். ஒரு எச்சரிக்கை: அதன் பழைய பதிப்பு நடு அதிர்வெண்களைக் குடைந்துவிடும். வீட்டில் தனியாகக் கேட்க அழகு, டிரம்ஸும் கீபோர்டும் சேர்ந்தால் பேஸ் மறைந்துபோகும். இரண்டாம் பதிப்பில் மிட் குமிழ் தனியாக உண்டு.

டி.ஐ.-யில் சிக்னலைக் குறைக்கும் 20 டெசிபல் பேட் சுவிட்ச் அழுந்தியிருக்கிறதா என்று எப்போதும் பாருங்கள். அது கீபோர்டு போன்ற பலமான சிக்னலுக்கானது. கிட்டாருக்கு அழுத்திவிட்டால் கெய்னை ஏற்ற வேண்டிவரும், இரைச்சல் கூடவே ஏறும். 48 வோல்ட் போடும் முன் அந்தச் சேனலை மியூட் செய்யச் சொல்லுங்கள்.

மிக்சரில் 35–40 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டு, 200–250-இல் 3 டெசிபல் குறைப்பு, 700–900-இல் 2 டெசிபல் ஏற்றம். இந்த மூன்றாவதுதான் ‘என்ன நோட்டு’ என்பதைக் காட்டும். பேஸ் கேட்கவில்லை என்றால் பேஸ் குமிழைத் திருப்புவது பலருக்குப் பழக்கம். பிரச்சினை 800-இல் இருக்கும்.

கீழ்_பி:

நாலுகம்பி அண்ணா சொன்ன 40 ஹெர்ட்ஸ் கணக்கு சரி, ஆனா 5 கம்பியோட பலன் கீழ் நோட்டு மட்டும் இல்ல. கட்டை மாத்தும்போது கை இடம் மாறாம இருக்கும். ஈ, எஃப், ஜி எல்லாம் பி கம்பியில 5, 6, 8-வது ஃப்ரெட்ல கிடைக்கும். திறந்த கம்பி இல்லாம ஒரே வடிவத்தை அரைக்கட்டை மேல கீழ நகர்த்திக்கலாம். பாடகர் கடைசி நிமிஷத்துல ‘அரை இறக்கிக்கோ’ன்னு சொன்னா அங்க தெரியும் அருமை. கச்சேரி நடுவுல ஈ-யை டி-க்கு இறக்குறதெல்லாம் நடக்கிற காரியமா?

ஆனா மலிவான 5 கம்பி வாங்குறதுக்கு நல்ல 4 கம்பி மேல், அதுல சண்டை இல்ல. கடையில இதைப் பாருங்க: பி கம்பி 5-வது ஃப்ரெட்டும் திறந்த ஈ-யும் மாத்தி மாத்தி அடிங்க. ரெண்டும் ஒரே சுருதி. பி-யில மட்டும் கயிறு அடிச்ச மாதிரி தொளதொளன்னு இருந்தா வச்சிட்டு வந்துடுங்க. கம்பி 130 கனம் இருக்கணும், 125 போட்டிருந்தா மாத்திக் கேளுங்க. அப்புறம் ஜி கம்பி 5, 6, 7-வது ஃப்ரெட். போல்ட் போட்ட நெக் பலதுல அங்க நோட்டு சட்டுனு செத்துடும். கொஞ்சம் இருந்தா பரவாயில்ல, பக்கத்து ஃப்ரெட்ல பாதிகூட நிக்கலன்னா வேற பீஸ் கேளுங்க.

நாலுகம்பி:

கை இடம் மாறாதுங்கிறது ஒத்துக்கிறேன். புதுசா பழகுறவருக்கு அந்த பி கம்பியை ஒலிக்காம அமுக்கி வைக்கிறதே தனி வேலை, அதையும் சொல்லிடுங்க. வலது கை கட்டை விரல் எப்பவும் அது மேல சாயணும்.

சால்டர்_புகை:

இரைச்சல் பத்தி. எங்கிருந்து வருதுன்னு கண்டுபிடிக்காம எதையும் வாங்காதீங்க.

கிட்டார் வால்யூமை ஜீரோ பண்ணுங்க. இரைச்சல் அப்படியே இருந்தா கேபிள், மிக்சர் அல்லது எர்த். நின்னுட்டா கிட்டாருக்குள்ள. கம்பியைத் தொட்டா குறையுதா? அப்ப உள்ள ஷீல்டிங் போதாது. பிக்கப் குழியில செம்புப் படலம் ஒட்டி கிரவுண்டோட சேர்த்தா பெருசா குறையும். நின்ன இடத்துலயே உடம்பைத் திருப்பினா கூடிக் குறைஞ்சா, ஒத்தைச் சுருள் பிக்கப் காந்தப்புலத்தைப் பிடிக்குது. ஷீல்டிங் அதுக்கு உதவாது. நாலுகம்பி சொன்ன பிரிசிஷன் பிக்கப்தான் மருந்து. டி.ஐ.-யோட கிரவுண்ட் லிஃப்ட்டை (சிக்னல் கிரவுண்டைப் பிரிக்கிற சுவிட்ச்) அழுத்தினா நின்னா, ஆம்புக்கும் மிக்சருக்கும் நடுவுல கிரவுண்ட் லூப், அதாவது கிரவுண்ட் ரெண்டு வழியா சேர்ந்து சுத்துது.

நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ். ஈ கம்பி 3-வது ஃப்ரெட் ஜி 49. இரைச்சலைக் குறைக்கிறேன்னு யாராவது ஈக்யூவில் (அதிர்வெண் வாரியா கூட்டிக் குறைக்கிற கன்ட்ரோல்) 50-ஐக் குடைஞ்சா உங்க ஜி-யும் சேர்ந்து போயிடும். விடாதீங்க.

ஆம்ப் பிளக்கோட எர்த் பின்னை மட்டும் உடைக்காதீங்க. இரைச்சல் நிக்கும், உயிருக்கு ஆபத்து வரும். திருவிழா மேடையில, ஜெனரேட்டர்ல ஓடும்போது, மைக்கோட வலைக்கும் கிட்டார் பிரிட்ஜுக்கும் நடுவுல மல்டிமீட்டரை ஏசி வோல்ட்ல வச்சுப் பாருங்க. ஒண்ணு ரெண்டு வோல்ட்னா சரி. பத்து இருபதுன்னு காட்டினா எலக்ட்ரீஷியன் எர்த்தைச் சரி பண்ற வரைக்கும் மைக்ல வாய் வைக்காதீங்க.

ரூம் விஷயம் ஆம்ப் கோளாறு இல்ல. பத்தடின்னா 3.05 மீட்டர். அந்த நீளத்துல நிக்கிற முதல் அலை 56–57 ஹெர்ட்ஸ். திறந்த ஏ 55, அடுத்த ஏ ஷார்ப் 58. நீளமும் அகலமும் ஒண்ணா இருக்கிறதால ரெண்டு அலையும் ஒரே இடத்துல ஏறுது. கூரையும் பத்தடின்னா கேக்கவே வேண்டாம். ஆம்பை மூலையில இருந்து எடுங்க, முழங்கால் உயரத்துக்கு ஸ்டூல்ல வைங்க. ஈக்யூ இருந்தா 57 கிட்ட குறுகலா 4, 5 டெசிபல் இறக்குங்க. முட்டை அட்டை ஒட்டுறது வீண், அந்த அலையோட நீளம் 6 மீட்டர். ரூமோட நடு மையத்துல நின்னு டோன் பார்க்காதீங்க, அங்க அதே ஏ காணாமப் போகும்.

ஒண்ணரைக்கட்டை:

புரியுது. டி.ஐ. முதல்ல, 4 கம்பி பி-ஜே அடுத்து. மிஞ்சுற பணத்துல பெடல் எது, ஆம்ப் எது? பழைய ஆம்ப் ஒண்ணு விலைக்கு வருது, 300 வாட் ஹெட்டும் (ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப்) 8 ஓம் கேபினெட்டும் (ஸ்பீக்கர் பெட்டி).

மிக்சர்_மூலை:

பெடலில் டியூனர் கட்டாயம், கம்ப்ரெசர் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்வது) பயன்படும், மற்றது ஆசை. கம்ப்ரெசரில் விகிதம் 4:1, அட்டாக் (அது வேலையைத் தொடங்க எடுக்கும் நேரம்) 20–40 மில்லிசெகண்ட். அதைவிட வேகமாக வைத்தால் விரல் தட்டும் முனை மழுங்கும், பேஸ் பின்னால் போய்விடும். ஓவர்டிரைவ் வேண்டுமென்றால் சுத்த சிக்னலைக் கலக்கும் பிளெண்ட் குமிழ் உள்ளதாக எடுங்கள். டியூப் ஸ்கிரீமர் வகை லீட் கிட்டார் பெடல், திரிபு உண்டாக்கும் இடத்தில் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே குறைத்துவிடும். பேஸ் எங்கே என்று தேடுவீர்கள். ஆக்டேவர் (ஒரு ஸ்தாயி கீழே அதே நோட்டைச் சேர்ப்பது) வாங்கினால் வரிசையில் கம்ப்ரெசருக்கு முன். திறந்த ஏ-க்குக் கீழே அது தடுமாறலாம், அனலாக் ஆக்டேவர் பலவும் அப்படித்தான்.

சால்டர்_புகை:

அடாப்டர்: 9 வோல்ட் டிசி, நடு முனை மைனஸ். பெடல்ல இருக்கிற படத்தையும் அடாப்டர்ல இருக்கிற படத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துட்டுக் குத்துங்க. கீபோர்டு அடாப்டர் பலதுல நடு முனை பிளஸ். மல்டி எஃபெக்ட் மாதிரி டிஜிட்டல் பெடல் 500 மில்லிஆம்ப் வரைக்கும் கேக்கும். அதையும் கம்ப்ரெசரையும் ஒரே அடாப்டர்ல மாலை மாதிரி கோத்தா ‘கீ’ன்னு மெல்லிசா ஒரு சத்தம் வரும். டிஜிட்டலுக்குத் தனி அடாப்டர் கொடுங்க.

அந்த ஹெட்டைப் பத்தி: 300 வாட்ங்கிறது பெரும்பாலும் 4 ஓம்ல. ஒரே ஒரு 8 ஓம் கேபினெட்ல கிட்டத்தட்ட பாதிதான் வரும். மேடை மானிட்டருக்கு அது தாராளம். இன்னொரு 8 ஓம் கேபினெட் சேர்த்தா 4 ஓம் ஆகும், முழு வாட்டும் வரும். மூணாவது சேர்த்தா 2.7 ஓம், 4 ஓம் வரைக்கும்னு போட்ட ஹெட் அதைத் தாங்காது. ஹெட்டுக்கும் கேபினெட்டுக்கும் நடுவுல கிட்டார் கேபிள் போடாதீங்க, உள்ள இருக்கிற மெல்லிசு கம்பி சூடாகும், ஷார்ட் ஆனா ஹெட் போச்சு. தடிமனான ஸ்பீக்கர் கேபிள் போடுங்க, ஸ்பீக்கான் (திருகிப் பூட்டுற ஸ்பீக்கர் பிளக்) முனையோட.

வாங்குறதுக்கு முன்னாடி திறந்த ஈ-யை மெதுவா ஆரம்பிச்சு சத்தத்தை ஏத்துங்க. கரகரன்னா கோன் கிழிஞ்சிருக்கு, இல்ல காயில் உரசுது. கிரில்லைக் கழட்டி விரலை விரிச்சு கோனை நேரா உள்ள தள்ளிப் பாருங்க, உரசுற சத்தம் விரல்லயே தெரியும். குமிழ் கரகரன்னா பயப்படாதீங்க, கான்டாக்ட் கிளீனர் போதும். முக்கியமா பின்பக்க லேபிளைப் படிங்க. வெளிநாட்டுல இருந்து வந்த சிலதுல 120 வோல்ட்னு மட்டும் போட்டிருக்கும், நம்ம 230-ல குத்தினா புகைதான். சுவிட்ச் இருந்தா 230-ல இருக்கான்னு பார்த்துட்டு ஆன் பண்ணச் சொல்லுங்க.