மேசியான்னா யூதர்கள் எதிர்பார்த்த ராஜா தானே, அப்புறம் எதுக்கு கழுதை?

குருத்தோலை ஞாயிறு (இயேசு கழுதைல எருசலேமுக்குள்ள வந்தப்ப ஜனங்க ஓலை பிடிச்சு வரவேத்த நாள்) பிரசங்கம் கேட்டதுல இருந்து ஒரே டவுட். ஓசன்னான்னு கத்தி வரவேத்த ஜனங்களுக்கு இயேசு மேல அப்படி என்ன ஏமாற்றம்?

பதில் 1: அந்த ஓலையே அரசியல் சிக்னல் பாஸ். கி.மு. 141-ல யூத போராளித் தலைவர் சீமோன் மக்கபே எருசலேம் கோட்டைய பிடிச்சு நுழைஞ்சப்பவும் இதே ஓலைதான், அதனால இவரும் ரோமாக்காரன விரட்டிட்டு தாவீது சிம்மாசனத்துல உக்காருவார்னு நெனச்சிருப்பாங்க, இவர் என்னடான்னா கழுதைக்குட்டில வந்து, ரோமா படைய விட்டுட்டு, கோயில்ல காசு மாத்துறவன் மேசைய கவுக்குறார்.

பதில் 2: ராஜா கழுதைல வருவார்னு பழைய ஏற்பாட்டுல சகரியா 9:9-லயே இருக்கே ப்ரோ. பெரிய இடி சிலுவைதான். மரத்துல தொங்குறவன் சபிக்கப்பட்டவன்னு உபாகமம் 21:23 சொல்லுது, அப்படி செத்தவர எப்படி மேசியான்னு ஏத்துப்பாங்க?

பதில் 3: எல்லா யூதரும் ஒரே மாதிரி எதிர்பார்க்கலங்க. சாக்கடல் பக்கம் கும்ரான் குகைகள்ல கிடைச்ச பழைய யூத சுருள்ல ஆரோன் வழி (ஆசாரியர்) ஒருத்தர், இஸ்ரவேல் வழி (ராஜா) ஒருத்தர்னு ரெண்டு மேசியா வர்றாங்க.

கேட்டவர்: ரெண்டா?! இது எங்க பாஸ்டர் சொல்லவே இல்லையே.