தத்துவக் கூட்டங்களுக்கு வெளியாட்கள் வரலாமா?

வணக்கம். நாகமலைப் பக்கம் காமராசர் பல்கலைக்கழகத்தில் படிக்கிறவர்கள், படித்தவர்கள் யாராவது உதவ வேண்டும். அங்கே தத்துவச் சொற்பொழிவோ, கலந்துரையாடலோ நடந்தால் மாணவர் அல்லாதவர்கள் உட்காரலாமா? யாரிடம் அனுமதி கேட்பது?

மணிமேகலையின் 27ஆம் காதையில் திணறிக்கொண்டிருக்கிறேன். அளவைவாதி, ஆசீவகவாதி, சாங்கியவாதி, பூதவாதி என்று வெவ்வேறு சமய, தத்துவக் கொள்கையினர் ஒவ்வொருவராக மணிமேகலையிடம் தம் கொள்கையைச் சொல்கிறார்கள். காண்டல், கருதல், உவமம் என அளவைகளை (உண்மையை அறியும் வழிகளை) அடுக்கும் இடத்தில் உரை இருந்தும் எனக்குப் பிடிபடவில்லை. தனியாகப் படித்தால் எதிர்க்கேள்வி கேட்க ஆளில்லை, அதுதான் பெரிய குறை. எழுதிய சாத்தனாரே மதுரைக் கூலவாணிகன் (தானிய வணிகர்)! இந்த ஊரில் சேர்ந்து படிக்க நாலு பேர் இருக்க மாட்டார்களா?

எனக்கு ஞாயிறு மட்டும்தான் விடுமுறை. வேறு கல்லூரியில் நடந்தாலும் சரி, சொல்லுங்கள், வருகிறேன்.